குமிழ் எந்தப் பக்கம் இருந்தா என்னங்க

மேல வைக்க வேண்டாங்க்கா, மடியிலயே இருக்கட்டும். கண்டக்டரும் அதையேதான் சொன்னாரு. மேல போடும்மா, மடியிலதான் வச்சுக்குவேன்னா லக்கேஜ் சீட்டு வாங்குன்னாரு. வாங்கிட்டேன். எனக்கு ஒரு சீட்டு, பெட்டிக்கு ஒரு சீட்டு. பெத்த புள்ளைதான் ஓசியில வர்றா, நாலு வயசுங்கறதால.

நீங்க கோத்தகிரியேங்களா? நாங்க அன்னூர்ப் பக்கமுங்க. இன்னைக்கு கோத்தகிரிக்கு முன்னால, அந்த சர்ச் ஸ்டாப்புல எறங்கிருவோம். இவ பேரு தர்சிகா. வளைவுல வாந்தி எடுக்க மாட்டா, நீங்க சீலையை ஒதுக்கிக்க வேண்டாம். எலுமிச்சம்பழம் கையில குடுத்திருக்கேன், மோந்துட்டே வருவா.

அய்யோ, எதுக்குங்க்கா பிஸ்கட்டெல்லாம். சரி, பெரியம்மா ஆசையாக் குடுக்கறாங்க, வாங்கிக்க சாமி. அந்தக் கையில இல்ல. பழத்தை இந்தக் கைக்கு மாத்திட்டு சோத்துக் கையில வாங்கு. ம், அப்படி.

பெட்டிக்குள்ள என்னன்னுதானே பாக்கறீங்க. பஸ் ஸ்டாண்டுல ஒரு பெரியவர் தேன்கூடா அம்மிணின்னு கேட்டாரு. அதுலயும் சத்தம் வரும், இதுலயும் சத்தம் வரும், அந்த மட்டுக்கும் அவரு சொன்னது சரிதான். இது சின்தசைசருங்க. ஆர்மோனியத்தோட கொள்ளுப் பேத்தின்னு வச்சுக்கங்க. ஊதறது கிடையாது, தந்தி கிடையாது, கரண்டுல இருந்தே சத்தத்தை உண்டாக்கும். அதுவும் முழுசா ஒரே சாமானா வராது. ஒரு பொட்டி சத்தம் போடும். இன்னொண்ணு அந்தச் சத்தத்தை நறுக்கும். இன்னொண்ணு கெணத்துக்குள்ள கூப்பிட்ட மாதிரி திருப்பிக் குடுக்கும். எது எதோட சேரணுமோ அதுக்கும் இதுக்கும் வயரைச் சொருகிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு பொட்டிக்கும் மாடுல்னு பேரு.

இதுல பெருசு, சிறுசுன்னு ரெண்டு ரகம் இருக்குது. இப்ப புதுசா வர்ற டிஜிட்டல் மாடுல் பலதும் சிறுசுதான். உள்ள ஒரு சிப்பு இருக்கும், அது ஒரு கம்ப்யூட்டரு. ஆனா முன்பக்கத் தகடு என் உள்ளங்கை அகலம்கூட வராது. அதுல மொளகு மொளகாத் திருப்பற குமிழு, போன்ல இயர்போன் சொருகற மாதிரி ஓட்டை. நான் கொண்டு போறது ஐசக் சாருக்கு. அவரு வீட்டுல இருக்கறது பெரிய ரகம். செவுத்துல பாதியை அடைச்சு ஒரு அலமாரி. குமிழு ஒவ்வொண்ணும் எண்ணெய் கேன் மூடி அளவு. சொருகற ஓட்டைக்குள்ள இவ சுண்டுவெரல் போயிரும். போச்சுது, அதான் சொல்றேன். சோப்புப் போட்டுத்தான் எடுத்தோம்.

சாருக்கு புது டிஜிட்டல் சத்தமும் வேணும், அவரோட பெரிய அலமாரியும் வேணும். சிறுசைக் கொண்டுபோயி பெருசுல வச்சா நிக்காது. அளவும் சேராது, வயரும் சேராது. அங்கதான் எங்க வேலை. சிறுசோட தகட்டைக் கழட்டிட்டு, பெரிய தகடு வெட்டி, பெரிய ஓட்டை போட்டு, பெரிய குமிழு, வயர் சொருகப் பெரிய ஜாக்கு எல்லாம் மாட்டணும். ஒவ்வொண்ணுல இருந்தும் உள்ள இருக்கற சின்ன போர்டுக்கு வயர் இழுத்து ஈயம் வச்சுப் பத்தவைக்கணும். கரண்டையும் நேராக் குடுக்கக் கூடாதுங்க. பெருசுல ஓடறது பதினஞ்சு வோல்ட்டு, சிறுசு தாங்கறது பன்னெண்டு. கைக்கொழந்தைக்குக் காரக்கொழம்பை ஊட்டுவமா? நடுவுல இன்னொரு சின்ன போர்டு வச்சு வோல்ட்டை எறக்கித்தான் குடுப்போம்.

எனக்குப் பாட்டெல்லாம் தெரியாதுங்க்கா. அதைக் கேட்டுறாதீங்க. இதுல வர்றது பாட்டான்னே எனக்குத் தெரியாது. கொளத்துல தவளை கத்தற மாதிரி ஒண்ணு வரும், பாருங்க, அது மட்டும் எனக்குப் புடிக்கும். அதைப் போட்டா இவ ஆடுவா.

எங்க வேலைன்னா, நானும் நவநீதன் தம்பியும். எங்க ஊருக்காரப் பையன், என்னைவிட சின்னவன். இன்ஜினியரிங் முடிச்சு பெங்களூர்ல இருந்துட்டு, என்ன நெனைச்சானோ, திரும்பி வந்து அவங்கப்பா கோழி வளத்த கொட்டாயைக் கழுவி வெள்ளையடிச்சுப் பட்டறை ஆக்கிட்டான். மழை பேஞ்சா இன்னும் கோழி வாசம் வரும். நான் பத்தாவதோட சரி. கல்யாணத்துக்கு முன்னால ஸ்டெபிலைசர் கம்பெனியில பத்தவைக்கிற வேலை பாத்தேன். இவ பொறந்து நின்னு போச்சு. தம்பி ஒரு நாள் வீட்டுக்கே வந்து, தாரணியக்கா, உங்க கை சுத்தம்னு கம்பெனியில சொன்னாங்க, வர்றீங்களான்னு கேட்டான். எங்க மாமியா வாசல்ல நின்னுட்டு, எந்தக் கைன்னு கேட்டாங்க.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல மாமியாதான். ஆனா இந்த ஒரு விசயத்துல விடவே மாட்டாங்க. கல்யாணம் ஆன புதுசுல வெத்தலை பாக்குத் தட்டை பீச்சாங்கையில நீட்டிட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லுவாங்க. எனக்குச் சின்னதுல எடது கைப் பழக்கமுங்க்கா. பள்ளிக்கூடத்துல டீச்சர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால வைக்கச் சொல்லி எழுத வைப்பாங்க. இப்பெல்லாம் மாறிட்டேன். சாப்புடறது, எழுதறது, காசு குடுக்கறது எல்லாம் சோத்துக் கைதான். பத்தவைக்கிற இரும்பை மட்டும் எடது கையில புடிப்பேன், அப்பறம் டிரில்லு, ஸ்பேனரு, கரண்டி, தொடப்பம்.

இரு சாமி, தண்ணி வேணுமா? மூடியைத் திருகித் தர்றேன் இரு. இந்தா.

சரி, கதைக்கு வர்றேன். முன்னெல்லாம் தம்பி தகட்டுல ஓட்டை போடுவான், நான் பின்னால பத்தவைப்பேன். போன மழைக்குத்தான் தகடு வேலையையும் என்கிட்ட குடுத்தான். அக்கா, நீங்களே போட்டுப் பழகுங்கன்னான். அது சின்ன விசயம் இல்லைங்க. பின்னால நான் என்னதான் அழகாப் பத்தவைச்சாலும் அலமாரிக்குள்ள போயிட்டா ஒருத்தர் கண்ணுக்குப் படாது. தகடுதான் முன்னால நிக்கும். அதுலதான் மனுசங்க கை வைப்பாங்க.

தகட்டுக்குப் படத்தை மெல்லிசுத் தாள்ல எடுத்து ஒட்டுவோம். எங்கெங்க ஓட்டை வரணுமோ அங்கெல்லாம் கூட்டல் குறி இருக்கும். நான் ஒட்டினேன், போட்டேன். முடிச்சு நிமிந்து பாத்தா, படத்துல குமிழெல்லாம் வலப்பக்கம், சொருகற ஓட்டையெல்லாம் எடப்பக்கம். தகட்டுல குமிழு எடப்பக்கம், ஓட்டை வலப்பக்கம். தாள் திரும்பி ஒட்டியிருக்குது. கூட்டல் குறியை எந்தப் பக்கம் திருப்பினாலும் கூட்டல் குறிதானுங்களே!

தம்பி என்ன சொல்றான்னா, நான் தெரியாம ஒட்டிட்டேனாம். தெரியாம ஒட்டுவேனா நான்? தெரிஞ்சேதான் போட்டேன். முதல் ஓட்டைக்குத் தெரியாது, ரெண்டாவதுல இருந்து தெரியும். ஏன் நிறுத்தலைன்னா, பாக்க நல்லா இருந்துதுங்க. நல்லா இருக்கறதை எதுக்கு நிறுத்தணும்? அதுக்கப்பறம் எழுத்து அச்சடிச்சேன், எல்லாம் சரியா அந்தந்தக் குமிழுக்குக் கீழ. தெரியாம செஞ்சவ எழுத்தைச் சரியா அடிப்பாளா?

அப்பறம் மாட்டி ஓட்டிப் பாத்தேன். நின்னு ஒவ்வொரு குமிழாத் திருப்பினேன். அவ்வளவு வாகா இருந்துதுங்க. கை போற எடத்துல குமிழு, வயரு எல்லாம் அந்தாண்ட ஒதுங்கி நிக்குது. தர்சுவைக் கூப்பிட்டேன். ஸ்டூல் மேல ஏறி அவளும் திருப்பினா. ஒரு வாட்டிகூட வயர்ல கை தட்டல. நான் பாத்தாச்சு, கொழந்தையும் பாத்தாச்சு, ரெண்டு பேருக்கும் தோதா இருக்குது. இதுக்கு மேல என்னங்க சோதனை வேணும்?

தம்பி வந்தான். படத்தையும் தகட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தான்.

"அக்கா, தாளைத் திருப்பி ஒட்டிட்டீங்க."

"இல்ல தம்பி, இப்படித்தான் இருக்கணும்."

"படத்துல குமிழு வலப்பக்கம்க்கா."

"படம் நீ உக்காந்து போட்டது. நான் நின்னு திருப்பிப் பாத்தேன்."

"கண்ணாடியில பாத்த மாதிரி இருக்குதுக்கா எனக்கு!"

"கண்ணாடியில பாத்தா நானே நல்லாத்தான் இருக்கேன்."

சிரிச்சுட்டான். சிரிச்சுட்டு, சிரிக்கற விசயம் இல்லக்கான்னான். சாரு சிறுசை வாங்கி ஒரு வருசமா மேசையில வச்சு வாசிச்சுப் பழகியிருக்காராம். எது எங்க இருக்குதுன்னு அவரு கைக்குத் தெரியுமாம். நான் விடல. நீ சாரு வீட்டு அலமாரியைப் பாத்தியான்னு கேட்டேன். அளவெடுக்கப் போனது நானுங்க. காலி எடம் எடது ஓரத்துல, சன்னலை ஒட்டி இருக்குது. மத்த மாடுல் எல்லாம் அதுக்கு வலப்பக்கம். அப்ப வயரு எங்க இருந்து வரும்? வலப்பக்கம் இருந்துதானே? ஓட்டை வலப்பக்கம் இருந்தா வந்தமா சொருகுனமான்னு நிக்கும். படத்துல இருக்கற மாதிரி எடப்பக்கம் இருந்தா அத்தனை வயரும் குமிழு மேல தோரணம் கட்டும். இதுக்கு அவன் என்ன பதில் சொல்லணும்? அது சரிதான்க்கா, இருந்தாலும், அப்படின்னான். இருந்தாலுங்கறது ஒரு பதிலா?

சாரும் தங்கமான மனுசனுங்க. அன்னைக்குப் போனப்ப டீ போட்டுக் குடுத்து, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டினாரு. எடது கையில டம்ளரைப் புடிச்சவரு கீழயே வைக்கல, சோத்துக் கையாலயே அத்தனை குமிழையும் திருப்பித் திருப்பிக் காட்டினாரு. என்கிட்ட மரியாதையா, நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு கேட்டாரு. என்னை யாருங்க அப்படிக் கேக்கறாங்க? இது நல்லா அமைஞ்சா அலமாரியில அடி வரிசை வேலை முழுசும் உங்ககிட்டயே குடுத்தர்றேன்னும் சொல்லியிருக்காரு.

அதுலதான் வந்து நிக்குது. தம்பி இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டான். அவனுக்கு அக்கா பையன் காதுகுத்து, வேட்டி கட்டி, மாலை மரியாதைக்கு ரெடியா நிக்கறான். கையில ஒரு தகடு. ராவோட ராவா அவனே போட்டிருக்கான், படத்துல இருக்கற மாதிரியே. என் பையில வச்சான், ஸ்பேனரையும் வச்சான். "சாரு பாக்கறதுக்கு முன்னால மாத்தி மாட்டிருங்க்கா. வயரெல்லாம் நீளமாத்தான் விட்டிருக்கீங்க, எட்டும்"னான். நான் மாத்த மாட்டேன் தம்பின்னேன். கோவிச்சுக்கல. கோவிச்சிருந்தாக்கூடத் தேவலை. மொகத்தைப் பாக்காம, "அப்ப இனிமேல் தகடு வேலையை வெளிய குடுத்துக்கறேன். நீங்க பழையபடி பத்தவைக்கிறதை மட்டும் பாருங்க"ன்னுட்டு, காதுகுத்துக்கு நேரமாச்சுன்னு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்.

இந்தா, இதுதான் அந்தத் தகடு. நல்லாப் போட்டிருக்கான், குறை சொல்ல மாட்டேன். ஒரு பிசிறு இல்ல. கொஞ்சம் உங்க மடியில வச்சுக்கறீங்களா, பையில அவ துணியெல்லாம் அழுத்துது.

மாட்டறதுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாதுங்க. சாரு வீட்டு வாசல்ல உக்காந்து முடிச்சிரலாம். தம்பியும் சந்தோசம், சாரும் சந்தோசம், தகடு வேலையும் என்கிட்டயே இருக்கும். எங்க வீட்டுக்காரரும் போன்ல அதைத்தான் சொல்றாரு. ஒரு தகட்டுக்காவா இத்தனை வீம்புங்கறாரு. வீம்புதான். இருக்கட்டும். வாகா இருக்கறதை வாகில்லாம மாத்திக் குடுக்கச் சொன்னா எனக்குக் கை வராது. சாரு கை வச்சுப் பாக்கட்டும், பாத்துட்டுச் சொல்லட்டும். அவரு வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னால நானே வேண்டாம்னு எதுக்குச் சொல்லிக்கணும்?

தர்சு! ஒரு வாட்டி சொன்னாப் பத்தாதா? பிஸ்கட்டை எந்தக் கையில வச்சிருக்கற? எத்தனை சொன்னாலும் அந்தக் கைதான் முன்னால வருதுங்க. வர்ற ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேக்கணும், அதுக்குள்ள திருத்திரணும்னு பாக்கறேன். பென்சிலைக் குடுத்தா அதுல, சாக்பீஸைக் குடுத்தா அதுல. ராத்திரி தூங்கறப்ப அந்தக் கையைப் புடிச்சு என் கைக்குள்ள வச்சுக்குவேன், அப்படியாவது மறக்கட்டும்னு.

என்னங்க்கா?

அவ எந்தக் கையால குமிழைத் திருப்பினாளா?

அது... ஸ்டூல் மேல ஏறினா. ஒரு கையால பொட்டி விளிம்பைப் புடிச்சுக்கிட்டா. இன்னொரு கையால...

நானா? நான் எதுக்குங்க அதையெல்லாம் பாக்கறேன். திருப்பினேன், அவ்வளவுதான். இப்படி நின்னுட்டு, இப்படி... இதோ, இப்படி.

ம்.

இல்லைங்க்கா, ஒண்ணும் இல்ல. வளைவுல கொஞ்சம் தலை சுத்துது. அந்தப் பழத்தைக் குடு சாமி, அம்மாவும் மோந்து பாக்கறேன்.

எடது கையில இருந்த டம்ளரைக் கீழயே வைக்கலைங்க சாரு. நான் கூறு கெட்டவ, டீ சூடு போச்சேன்னு அதைப் பாத்துட்டு நின்னேன்.

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க, நானும் சிரிச்சுக்கறேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஆமாங்க, எடது கைக்குப் போட்ட தகடுதான் இது. இப்பச் சொல்லிட்டேன். இப்பச் சொல்றதால என்ன கெட்டுப் போச்சு? சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க. கத்திரிக்கோல் எந்தக் கைக்குச் செஞ்சிருக்குது? நான் புடிச்சா துணி வெட்டாது, மடங்கும். தையல் மிஷின்ல சக்கரம் எந்தப் பக்கம்? பால் ஊத்தற கிண்ணத்துல மூக்கு எந்தப் பக்கம்? பள்ளிக்கூடத்துல பெரிய பரீச்சைக்குப் பலகை வச்ச நாற்காலி போட்டாங்க, பலகை எந்தப் பக்கம் இருந்துது? இடுப்பைத் திருப்பி உக்காந்து எழுதி முடிச்சேனுங்க, மூணு மணி நேரம். ஒருத்தராவது, இந்தப் புள்ளைக்கு இது தோதா இருக்குதான்னு கேட்டாங்களா? நான் பழகலையா? எல்லாத்துக்கும் பழகினேன். ஊர்ல இருக்கற அத்தனை சாமானும் இன்னொருத்தர் கைக்குச் செஞ்சது, அதுல ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒரு தகடு என் கைக்கு வந்துது. நல்லா இருந்துதுன்னு சொன்னேனே, அது பொய்யா? எனக்கு நல்லா இருந்துதுங்க. ஏன் நல்லா இருந்துதுன்னு தெரியாம இருந்துது, அவ்வளவுதான்.

சாரு பழகட்டும். இல்லைன்னா வேண்டாங்கட்டும். வேண்டாம்னா தூக்கிட்டு வந்தர்றேன், நான் பத்தவைச்சே பொழைச்சுக்குவேன். ஆனா மாத்த மாட்டேன். வயரு தோரணம் கட்டும்னு சொன்னேனே, அதுவும் உண்மைதான், தம்பி போய்ப் பாத்துக்கட்டும்.

அய்யய்யோ, சர்ச் தெரியுது! கண்டக்டரே, எறக்கம் இருக்குதுங்க, எறக்கம்! பெட்டி இருக்குது, கொழந்தை இருக்குது, கொஞ்சம் நிறுத்துங்க.

எந்திரி சாமி, எந்திரி. செருப்பு எங்க? ஒண்ணு இருக்குது, இன்னொண்ணு? பெரியம்மா சீட்டுக்கு அடியில பாரு. அக்கா, நான் பெட்டியோட முதல்ல எறங்கிக்கறேன், இவளை ஒரு கை புடிச்சு விடறீங்களா? தண்ணி பாட்டிலை அவகிட்டயே குடுத்துருங்க. வாங்கிக்க தர்சு. அந்தக் கையில... வாங்கிக்க, வாங்கிக்க, எதுலயாச்சும் வாங்கு. பெரியம்மா தப்பா நெனைக்க மாட்டாங்க. குதிக்காத, மெதுவா. அவ்வளவுதான். எறங்கியாச்சு.

என்னங்க்கா? சன்னல்ல இருந்து சொன்னாக் கேக்கல! தகடா?

நான் மறக்கலைங்க. நீங்களே வச்சுக்கங்க! நல்ல அலுமினியம், துருப் புடிக்காது. ஓட்டையில கயிறு கோத்துச் செடி தொங்க விடுங்க. இல்லைன்னா கரண்டி மாட்டிக்கங்க, எந்தக் கையில எடுத்தாலும் வரும்!

பெரியம்மாவுக்கு டாட்டா காட்டு சாமி. தண்ணி பாட்டிலை அம்மாகிட்ட குடு. அந்தக் கையிலயே காட்டு, அந்தக் கையிலயே. அதுதான் உனக்கு நல்லா ஆடுது.